தடமும் முடிச்சும்: ஓர் இணைய விளையாட்டுலகில் வழியறிதல்

இணையவழி ஆடப்பெறும் விளையாட்டு, திறனாய்வுக்குரிய பொருளாமோ எனும் ஐயம் இக்கட்டுரையைக் காண்போர் சிலர்க்கு எழக்கூடும். அவ்வையத்தை விரித்துத் தீர்த்தல் ஈண்டு எம் நோக்கமன்று. ஓர் உலகைப் படைத்து, அதனுள் நடப்பானுக்கு எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று துணிதல் புனைவோன் தொழிலாகும். அத்தொழில் நிகழுமிடத்துத் திறனாய்வாளன் புகுதல் முறையே என்னும் அளவில் அமைகின்றோம். யாம் எடுத்துக்கொண்டது, அமெரிக்க நாட்டு அரினாநெட் நிறுவனத்தார் 2012 ஆகஸ்டில் வெளியிட்ட கில்ட் வார்ஸ் 2 என்னும் விளையாட்டு. டீரியா என்னும் கற்பனையுலகில் உலகெங்குமுள்ள ஆடுநர் ஒருங்கே நடமாட அஃது இடந்தருகின்றது. அவ்வுலகை முற்றக் கண்டு முடித்தற்கு ஆடுநர் கையாளும் குறிகளும் தடங்களும் அக்காட்சிக்கு என் செய்கின்றன என்பதே எம் வினா.

புதிதாகப் புகுவோன் விரித்துப் பார்க்கும் வரைபடம் பெரும்பகுதி மூட்டத்தால் மறைந்து கிடக்கும். அவன் நடக்க நடக்க மூட்டம் விலகும். ஒவ்வொரு நிலப்பகுதியிலும் அவன் அடைய வேண்டுவனவாகச் சில குறிகள் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டு வாழ்வார்க்கு உதவி செய்தலைக் குறிக்கும் இதயக்குறி, நினைத்தவுடன் மீண்டு வருதற்குரிய வழிப்புள்ளி, பெயர் பெற்ற இடம், வீரச்சோதனை, உயர்ந்த இடமொன்றில் ஏறிச் சுற்றுப்புறத்தைக் காணும் காட்சிமுனை என அவை ஐவகைப்படும். எத்தனையுள் எத்தனை எய்தினான் என்பது வரைபடத்தின் ஓரத்தே எண்ணாகவும் விழுக்காடாகவும் தோன்றும். தொடக்க உலகு முழுவதையும் முடித்தவனுக்கு இரண்டு பரிசிற் பொருள்கள் கிடைக்கும். அப்பொருளின்றி முதல் வரிசைப் பேராயுதங்களுள் ஒன்றையும் செய்து கொள்ளல் இயலாது. இங்ஙனம் காண்டல் என்பது எண்ணப்படுவதாயிற்று. எண்ணப்பட்டது கூலி பெறுவதாயிற்று. பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இதுவே. தடம் வரைந்தாரைக் குறை கூறுவோர் இதனை மறந்து விடுகின்றனர்.

இதன் முன்னோடியான கில்ட் வார்ஸ் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆண்டும் தடம் ஒன்று உண்டு. ஆனால் அது நடப்பவன் தானே நடந்த வழி. சிவந்த புள்ளிகளாக வரைபடத்தில் அவனுக்குப் பின்னே பதிந்து வருவது. நிலம் முழுதும் நடந்தார்க்கு நிலவரைவாளர் என்னும் பொருள்படும் பட்டமும் பின்னர் ஏற்பட்டது. எஞ்சிய ஒன்றிரண்டு விழுக்காட்டைப் பெறுதற்பொருட்டு மலைச்சுவர்களைத் தோளால் உராய்ந்துகொண்டு பொழுதெல்லாம் நடந்தவர் பலர். அதில் இன்பம் மிகுதியும் இருந்தது என்று யாம் சொல்லத் துணியோம். எனினும் அப்புள்ளிகள் அவன் எங்கே மயங்கினான், எங்கே திரும்பினான் என்பதனை அவனுக்கே காட்டும் சான்றாக நின்றன.

இரண்டாம் விளையாட்டில் பெருவழக்கான தடமோ இதற்கு மறுதலை. அது முன்னே செல்வது, பிறன் நடந்தது. அஃது உண்டான வரலாறும் சுவையுடைத்து. மம்பிள் என்னும் குரல்வழிச் செயலிக்கு, ஆடுநன் நிற்குமிடத்தை இவ்விளையாட்டு அறிவிக்கின்றது. தோழன் இடப்புறம் நின்று பேசின் அவன் குரல் இடச்செவியிற் கேட்டல் வேண்டும் என்பதற்காகத் திறக்கப்பட்ட வாயில் அது. அவ்வாயிலில் வரும் இடக்கணக்கைப் பெற்று, முதலில் டாக்கோ என்பதும் பின்னர் பிளிஷ் ஹட் என்பதும் ஆகிய துணைச்செயலிகள் ஆட்டத்திரையின் மேல் தம் குறிகளை வரையலாயின. ஆர்வலர் ஒருவர் நடந்து பதிவு செய்த வழி, தரைமீது விரித்த ஒளிநாடா போலப் பிறர் கண்முன் தோன்றும். அதனைப் பற்றிச் செல்வான் ஒரு குறியினின்று மறுகுறிக்குக் கவடின்றிச் செல்வான். அண்மையில் நிற்போன் குரலைக் கேட்பித்தற்கு அமைத்த வாயில், என்றோ நடந்து போனவன் அடிச்சுவட்டைக் காட்டுதற்குப் பயன்பட்டது.

இத்தடத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. தேடலையே அழித்துவிட்டது என்பர் ஒரு சாரார். பொழுது குறைந்தார்க்கு உற்ற துணை என்பர் மற்றொரு சாரார். இரண்டும் வழிகாட்டுதலை ஒரே தன்மைத்தாகக் கொண்டு பேசுவன ஆதலின் எமக்கு உடன்பாடல்ல. வழிகாட்டுதலில் வகையுண்டு, அவ்வகை தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. பரிசில் பெற்றோன் பெறாதானை வழிப்படுத்தலையே பொருளாகக் கொண்ட ஆற்றுப்படை இலக்கியம் நம்மிடம் உண்டு. அவற்றுள்ளும் மலைபடுகடாம், வழியின் இயல்பைக் கூறுதலில் தனிச்சிறப்புடையது. கவண் கல் வந்து விழும் இடமும் பாம்பு உறையும் குழியும் கால் வழுக்கும் பாறையும் அதில் எச்சரிக்கப்படுகின்றன. எந்தக் குடியினர் என்ன உணவு தருவர் என்பதும் விரிக்கப்படுகின்றது. வழி சொல்லுங்கால் வழியிலுள்ளதனையும் சொல்லுதல் அதன் நெறி. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அறியாத நிலத்திற் புதியராய்ச் செல்லும் கூத்தர், வழி கவர்த்துப் பிரியுமிடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு ஆண்டுப் பணிக்கப்படுகின்றனர். முடிச்சு இடும் இடம் கவர்வழியே. அடிதோறும் முடிச்சு இடுவாரில்லை.

இவ்விரண்டு அளவைகளையும் கொண்டு டீரியாவின் தடங்களை நோக்குவோம்.

காட்சிமுனையை எடுத்துக்கொள்க. ஏறுதற்கரிய பாறை முகட்டிலோ கோபுரத்தின் உச்சியிலோ அது வைக்கப்பட்டிருக்கும். ஏறி அதனைத் தொட்டவுடன், ஆடுநனின் கண் அவன் உடலை விட்டு நீங்கிப் பள்ளத்தாக்கையும் நகரையும் கடலையும் மெல்லச் சுற்றிக் காட்டும். படைத்தோர் இவ்வுலகில் கண்ணுக்கென்றே வைத்த விருந்து இஃதொன்றே எனலாம். ஆனால் தொட்ட அளவிலேயே எண் ஏறிவிடும். காட்சியை ஒரு விசையால் தள்ளிவிடவும் இயலும். தடத்தைப் பற்றி வந்தோன் தள்ளிவிடுகின்றான். அடுத்த நாடா அவன் காலடியில் ஒளிவிட்டுக் கொண்டிருக்கின்றது அன்றோ! காட்சியைக் காணாதவனுக்கும் காட்சி கண்டதாகக் கணக்கு ஏறுகின்றது. இப்பிழை தடத்தினதா, கணக்கினதா எனின், கணக்கினதே என்போம். தடம் அதனை விரைவுபடுத்தியது.

இனி, இவ்விளையாட்டினுள்ளேயே ஆற்றுப்படை ஒன்று உண்டு என்பது பலர் கருதாது விடும் செய்தி. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் தொலைநோக்கியுடன் நிற்கும் ஒற்றர் சிலர் உளர். அவரிடம் பேசினால் வரைபடத்தைத் திறந்து, இன்ன இடத்தில் உழவன் இன்ன துன்பத்தால் வருந்துகின்றான், ஆண்டுச் சென்றால் உதவலாம் என்று கூறி அவ்விடத்தைக் குறித்துக் காட்டுவர். போகும் வழியை அவர் சொல்லார். போதற்குரிய காரணத்தைச் சொல்வர். ஒளிநாடாவோ வழியை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாது விடுகின்றது. ஒற்றர் குறியும் நாடாவும் ஒரே வரைபடத்தின் மேலன எனினும் ஒரே இனத்தன அல்ல. நாடாவின்மேல் ஓடுவானை நோக்கி வழியோரத்துக் குடியானவன் ஓடிவந்து உதவி வேண்டுவதும் உண்டு. அவ்வுதவி நிலப்பகுதியின் விழுக்காட்டில் சேராது ஆதலின் அவன் நிற்பதில்லை.

தடமே வேண்டா என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. 2015-இல் வெளிவந்த ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் என்னும் விரிவில் டேங்கிள்டு டெப்த்ஸ் என்றொரு நிலம் உண்டு. குகையின் கீழ்க் குகையும் வேரின்மேல் வேருமாக அடுக்கடுக்காய் அமைந்தது அது. வரைபடமோ தட்டையானது, மேலுள்ளதும் கீழுள்ளதும் அதில் ஒரே புள்ளியில் விழும். குறியின்மீதே நிற்பதாக வரைபடம் காட்டும். குறியோ தலைக்குமேல் மிக உயரத்தில் இருக்கும். ஆண்டு மயங்குதல் ஆடுநன் அறியாமையன்று, வரைபடத்தின் குறை. அக்குறையை நிரப்பும் தடம் கவர்வழியில் இட்ட புல்முடிச்சை ஒக்கும். எவ்வழியில் இறங்கினால் எந்த அடுக்கை அடையலாம் என்று காட்டிப் பின் விலகிக் கொள்ளுமாயின் அதனைப் போற்றலாம். குயீன்ஸ்டேல் போன்ற தொடக்க நிலத்தில், கண்ணுக்கெட்டிய பாலத்தைக் கடத்தற்கும் நாடா விரிப்பதனை எங்ஙனம் போற்றுவது?

தடங்கள் பழமைப்படுதலும் உண்டு. 2015-இல் மிதந்து இறங்கும் சிறகும், 2017-இல் ஊர்திகளும் வந்தபின், சுற்றிச் சுற்றி ஏறிய காட்சிமுனைகளுட் பலவற்றை ஒரு பாய்ச்சலில் அடையலாயினர். நடந்தவன் வழியும் ஊர்ந்தவன் வழியும் இன்று வேறாகிவிட்டன.

மிகவும் கருதத்தக்க செய்தி இனிக் கூறுவது. இவ்வுலகிற் படைத்தோர் தம் கைத்திறம் முழுதும் காட்டிய இடங்கள், தாவியேறும் புதிர்வழிகள் எனப்படுவன. அருவிக்குப் பின்னும் பாழடைந்த சுவர்க்கிடையிலும் வாயில் மறைந்து கிடக்கும். அவற்றை ஏறி முடித்தல் நிலப்பகுதியின் விழுக்காட்டிற் சேர்வதன்று. ஆகவே நூற்றுக்கு நூறு பெற்றவன், இவ்வுலகின் தலைசிறந்த பகுதிகளைக் காணாமலே முற்றக் கண்டான் எனப் பெயர் பெறுதல் கூடும். இந்நிலை எமக்கு முன்பே அறிமுகமானது. வினாவுக்கு வரக்கூடிய பாட்டுகளை மட்டும் குறிப்புரை கொண்டு கற்று, நூல் முழுதும் கற்றதாகச் சான்றிதழ் பெறும் மாணவரை வகுப்பிற் காண்கின்றோம். அவரை யாம் முழுதும் வெறுப்பதில்லை, வினாத்தாள் எடுத்தவர் யாமே ஆதலின்.

தடம் வரைந்தாரைப் பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். அவர்க்கு முன்னே நாடா ஏதும் இல்லை. அவர் வழி தவறியிருப்பர். பாறையினின்று வீழ்ந்து மீண்டும் ஏறியிருப்பர். ஏறுங்கால் எதிரே விரிந்த கடலைக் கண்டு சற்றே நின்றுமிருப்பர். பதிவு செய்யுங்கால் பிழைபட்ட கூறினை அழித்துவிட்டுச் செவ்விய வழியை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி அச்செயலியில் உண்டு. நின்ற இடம் நாடாவில் தோன்றுவதில்லை. ஆங்காங்கே சிலர் மட்டும், ஒரு குறியின்கீழ் ஓரிரு சொற்களை எழுதிச் செல்கின்றனர்: ஈண்டுத் தாவாது இறங்குக, அப்பால் பகைவர் பலர், திரும்பி நோக்குக. அச்சொற்களைத் தொகுத்து ஆராய்வார் எவரேனும் முன்வருவாராயின் யாம் மகிழ்வோம்.