பாறையில் எழுதிய சுரங்கள்

பூலாம்பாடியில் எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த வருபவர் உளியைச் சற்றுச் சாய்த்துத்தான் பிடிப்பார். "நிமித்தி அடிச்சா கல்லு பொரிஞ்சிரும் தம்பி" என்பார். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டின் முன் நின்றபோது அந்தச் சாய்வுதான் நினைவுக்கு வந்தது.

குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில், பல்லவ கிரந்த எழுத்தில், 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வெட்டியது. ஏழு பிரிவுகள், 38 வரிகள். பெரும்பகுதி பாட்டுமில்லை, புகழுரையுமில்லை. நான்கு நான்காகக் கோத்த வெறும் சுரங்கள். ஒவ்வொரு நான்குக்கும் இடையே கல்லில் ஓர் இடைவெளி, பாடுபவர் மூச்செடுப்பதுபோல. எத்தனை அழகு! கடைசியில் தமிழில் ஒரு வரி: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று.

சீனத்துத் தாய்ஷான் மலையில் 6ஆம் நூற்றாண்டில் பாறைப்படுகையில் வெட்டிய பௌத்த சூத்திரத்தின் ஒவ்வோர் எழுத்தும் ஏறக்குறைய அரை மீட்டர். அது எட்ட நின்று வியப்பதற்கு. நம்முடையதை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். வெயில் சாய்ந்து விழும் வேளையில் போங்கள். வெட்டுக்குள் நிழல் இறங்கும், சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.