கெட்டவன் சொல்லும் கதை

எழுமலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம். கல்லூரியில் படிக்கும் மகன் ராத்திரி இரண்டு மணி வரை தலையணை சைஸ் இங்கிலீஷ் நாவல்களாகப் படிக்கிறானாம். எல்லாவற்றிலும் வாள், மந்திரம், ரத்தம். ‘அதையாவது பொறுத்துக்கலாம் சார், வில்லன்தான் ஹீரோவே! பையன் கெட்டுப்போயிட மாட்டானா?’ என்று கேட்கிறார்.

மாட்டான். ஆனால், எதைப் படிக்கிறான் என்று நீங்களும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

மார்க் லாரன்ஸின் ‘பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்’ (2011) இந்த ரகத்தில் பிரபலம். ஜோர்க் என்ற இளவரசன், மீசை முளைக்காத வயசில் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவன். கதை தொடங்கும்போதே ஒரு கிராமத்தைச் சூறையாடி முடித்திருக்கிறார்கள். சொல்வது ஜோர்க்கேதான். பேச்சில் அப்படி ஒரு குறும்பு! பத்துப் பக்கம் போனால் அவன் ஜோக்குக்கு நீங்களே சிரிப்பீர்கள். அம்மாவையும் தம்பியையும் கண்ணெதிரே கொன்றுவிட்டார்கள் என்று அவனுக்கொரு காரணமும் உண்டு. சரி, அந்தக் கிராமத்தின் தரப்பு? சொல்ல ஆளில்லை. நான் காமர்ஸ் படித்தவன். வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றைக் காலியாக விட்ட பேரேட்டைப் பார்த்தால் கை அரிக்கிறது.

நம்மிடம் ராவணன் இருக்கிறான். புலவர் குழந்தை 1946-ல் ‘இராவண காவியம்’ பாடினார். மூவாயிரத்துச் சொச்சம் பாடல்கள். 1948-ல் தடை, 1971-ல்தான் நீக்கினார்கள். ஆனால், அதில் ராவணன் வில்லனே இல்லை, அப்பழுக்கில்லாத தமிழ் மன்னன். ஹீரோவும் வில்லனும் நாற்காலி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனந்த் நீலகண்டனின் ‘அசுரா’ (2012) வேறு மாதிரி. தமிழிலும் ‘அசுரன்’ என்று வந்திருக்கிறது (2019-ல் வந்த தனுஷ் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இதில் ராவணன் கோபக்காரன், பேராசைக்காரன். சீதை அவன் மகள். இது ஆசிரியர் இட்டுக்கட்டியதல்ல, சமண ராமாயண மரபில் இருக்கிறது. சில இடங்களில் ராவணன் மேடையேறிச் சொற்பொழிவே ஆற்றுகிறான். தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

புத்தகத்தைக் காப்பாற்றுவது பத்ரன். தேவர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த சாதாரணக் குடியானவன். ராவணனை நம்பிப் பின்னால் போகிறான். இருவரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். ராவணன் தன் சாம்ராஜ்ஜியத்தைப் பற்றி அளப்பான். அதே சாம்ராஜ்ஜியத்தில் தான் அடி வாங்கியதை பத்ரன் சொல்வான். மன்னன் அவன் மனைவியைக்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் பத்ரனும் யோக்கியனில்லை, ராஜாவுக்காக அசிங்கமான வேலைகளைச் செய்தவன்தான். ஆனாலும், ராவணனோடு நமக்கு ஒட்டுதல் வரும்போதெல்லாம் வந்து தோளைத் தட்டுகிறான். ராவணன் செத்த பிறகும் பத்ரன் பேசிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் பக்கத்துக்கு இது புதிதா என்ன? மதுரை வீரன் கதையில் பொம்மியைத் தூக்கிப் போனதையும் சொல்வார்கள், திருடர்களை அடக்கியதையும் சொல்வார்கள், மாறுகால் மாறுகை வாங்கியதையும் விடமாட்டார்கள். அதெல்லாம் தெரிந்துதான் மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் கும்பிடுகிறார்கள்.

ஆகவே சார், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். ‘அசுரா’வையும் வாங்கிக் கொடுங்கள். படித்து முடித்ததும் ராவணனைப் பற்றிக் கேட்க வேண்டாம். பத்ரன் பெண்டாட்டி பேர் என்ன என்று கேளுங்கள்.