ஃபியட்டா, ஹெரால்டா?

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரிதான் நினைவுக்கு வரும். திருவண்ணாமலைத் தேரடித் தெருவுக்கு வந்த இத்தாலி வேறு. ஒன்று ஃபியட், டூரினில் பிறந்து, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியிடம் வளர்ந்தது. மற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அடிப்படையில் ஆங்கிலேய டிரையம்ஃப், ஆனால் உருவத்தை வரைந்தவர் டூரின்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் அது நம் வண்டலூரில் தயாரானது.

ஃபியட்டின் குலப்பெருமை பலருக்குத் தெரியாது. 68 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், 1089 சி.சி. என்ற என்ஜின் அளவு 1937-லேயே வந்துவிட்டது. என்ஸோ ஃபெராரி 1940-ல் கட்டிய முதல் காருக்கு, அந்த என்ஜின் கொண்ட ஃபியட் 1100-ன் உறுப்புகளே அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சிசிடாலியா 202 காரும் அந்த என்ஜின் வழிதான். அந்தக் கார் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பிறகு பத்மினி என்று பெயர் மாறி நம் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்ற ஃபியட்டுக்கு இப்படியொரு வம்சம்! சென்னை அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களில் ட்யூன் செய்த ஃபியட்டுகள் சீறியதில் வியப்பென்ன?

ஹெரால்டின் முதல் என்ஜின் 948 சி.சி. மட்டுமே. ஆனால் தனி சேஸிஸ், சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டியரிங். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர் மீது உட்கார்ந்தே மெக்கானிக் வேலை பார்க்கலாம். இதே சேஸிஸைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. குறை பின்பக்கத்தில்: ஸ்விங் ஆக்ஸில். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் வளைவின் நடுவே பதறி ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்வாங்கும். ஹெரால்டின் வாரிசாக 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில்தான் அதை மாற்றினார்கள். ஓட்டத்துக்கு என் ஓட்டு ஃபியட்டுக்கே.

ஃபியட் சேகரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. சோலக்ஸ் கார்புரேட்டர், ஸ்டியரிங் அருகே கியர், பழைய மீட்டர் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்பது ஒன்று. பிரீமியரின் பிந்தைய கார் 118 என்.இ.-யின் நிஸான் என்ஜினைப் பொருத்தி நிம்மதியாக ஓட்டுவோம் என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்களோடு பெங்களூர் வரை போவது சுகம்தான். ஆனால் விண்டேஜ் வண்டிகளுக்காக 2021-ல் வந்த மத்திய அரசு விதி முதல் கட்சியின் பக்கம். ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே 'வி.ஏ.' வரிசை எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை.

சேகரிப்புக்கு நான் ஹெரால்டையே சொல்வேன். பத்மினி நெடுங்காலம் தயாரானதால் ஊருக்கு ஊர் கிடைக்கிறது, ஹெரால்டு அரிது. தனி சேஸிஸ் என்பதால் பாடியைக் கழற்றி டிங்கரிங் செய்யலாம். ஃபியட்டில் பாடியே சேஸிஸ், தரை துருவேறினால் வண்டியே போச்சு.

எதை வாங்கினாலும் கதவுக்குக் கீழே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது தகடல்ல, பட்டி. ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு ஒத்துப்போன பிறகே முன்பணம் கொடுங்கள்.