ஈற்றை மறந்த இலக்கணம்

தாடை எலும்பில் ஊன்றப்படும் செயற்கைப் பல்வேரை, அஃதாவது மருத்துவர்கள் ‘இம்ப்ளாண்ட்’ என வழங்கும் டைட்டானியத் திருகை, எப்பொழுது வெற்றி எனக் கொள்வது? இதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் ஆல்பிரெக்ட்சன், சார்ப், வொர்திங்டன், எரிக்சன் என்னும் நால்வர். 1986இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையைப் போலப் பல் மருத்துவ எழுத்துகளில் அடிக்கடி எடுத்தாளப்பட்டவை மிகச் சிலவே.

அவர்கள் விதித்தவை கண்டிப்பானவை. திருகு தனித்து நிற்கையில் அசையலாகாது. ஊடுகதிர்ப் படத்தில் அதனைச் சுற்றிக் கருநிழல் காணலாகாது. முதலாண்டு கழிந்தபின் எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தேயலாகாது. வலி, தொற்று, உணர்ச்சிக் கேடு முதலியன நீடிக்கலாகாது. ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 85, பத்தாண்டு முடிவில் நூற்றுக்கு 80 நிலைத்திருக்க வேண்டும். 1978இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனமும் ஹார்வர்டும் கூட்டிய மாநாடு, 1 மில்லிமீட்டர் ஆட்டத்தையும் மூன்றில் ஒரு பங்கு எலும்பிழப்பையும் பொறுத்துக் கொண்டது. அந்தத் தளர்ச்சியை அகற்றிய பெருமை இந்நால்வருக்கே உரியது. அதை மறுப்பார் இலர்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. தளர்ந்ததெனத் தள்ளப்பட்ட 1978ஆம் ஆண்டு விதிகளில் ஈற்றுக்கு ஓர் இடம் இருந்தது: ஈற்றில் அழற்சி கண்டால் அது சிகிச்சைக்கு அடங்குவதாக இருக்க வேண்டும். 1986இல் அவ்விதி இல்லை. ‘தொற்று’ என்ற சொல்லில் ஈறும் அடங்கும் என்று வாதிடலாம். மெல்லத் தொட்டால் இரத்தம் கசியும் ஈறு வலிப்பதில்லை, சீழ் வடிப்பதுமில்லை. ஆகவே அவ்விதி அதனைப் பிடிக்காது.

இவ்விடுபாட்டின் வேர் அத்துறையின் பிறப்பிலேயே உள்ளது. சுவீடன் நாட்டுப் பிரேன்மார்க் 1952இல் முயலின் எலும்புக்குள் குருதியோட்டத்தைக் காண வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒட்டிப் பிரிக்க வராமற் போயிற்று. அந்த வியப்பிலிருந்து வளர்ந்த கலைக்கு எலும்பே மூச்சாயிற்று. ஈறு மேற்போர்வை எனத் தோன்றியதில் வியப்பில்லை. (தமிழில் ஈறு என்பதற்கு இறுதி என்றும் பொருள் உண்டு, இக்கலையினர் ஈற்றை இறுதியிலேயே வைத்தனர்.)

உண்மையில் அது போர்வை அன்று, வாசற்கதவு. இயற்கைப் பல்லில் ஈற்று நார்கள் வேரின் மேற்பூச்சுக்குள் குறுக்காகப் புகுந்து கட்டுகின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட தசைநாரிலிருந்தும் குருதி வருகிறது. டைட்டானியத்தில் நார் புகாது. திருகின் கழுத்தை ஒட்டி நிரையாகவும் வளையமாகவும் ஓடுவதோடு சரி. இடைத் தசைநாரும் இல்லை, அதன் குருதியும் இல்லை. தழும்பை ஒத்த திசுவே காவல் நிற்கிறது.

இதற்குப் பெரிய சான்று பெர்க்லுண்டும் லின்டேயும் 1996இல் வெளியிட்ட நாய்ச் சோதனை. ஈற்றின் தடிப்பை அவர்கள் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழாகக் குறைத்துப் பார்த்தனர். ஈறு தன் அடைப்புக்கு வேண்டிய உயரத்தை விட்டுக் கொடுக்கவில்லை. கீழிருந்த எலும்பே தேய்ந்து இடம் கொடுத்தது. எனவே 1986ஆம் ஆண்டு அளவுகோல் எலும்பின் கணக்கில் எழுதிய தேய்வில் ஒரு பகுதி, ஈறு கேட்டு வாங்கியது. அளந்தவர் கூலியைப் பார்த்தார், கேட்டவரைப் பார்க்கவில்லை.

2017இல் கூடி 2018இல் வெளியான உலக அறிஞர் வகைப்பாடு இக்குறையை நீக்கியது. சிவப்பு, வீக்கம், சீழ், தொட்டால் கசியும் இரத்தம் ஆகியவை இன்மையே நலம் என அது வரையறுத்தது. காலம் கடந்து வந்தாலும் நேர்மையான திருத்தம்.

ஆனால் பழைய பிழை இன்று வேறு வாயிலால் நுழைகிறது. ‘மீளுருவாக்கப் பொருள்’ என விற்கப்படுபவற்றின் பெயரே ஐயத்துக்குரியது. 1982இல் நைமனும் துணைவரும் ஒரு கீழ்ப்பல்லின் பக்கம் தடுப்புத் தாள் வைத்து, மூன்று மாதம் கழித்துப் பல்லோடு திசுவையும் எடுத்து ஆராய்ந்தனர். வேரில் புதிய பூச்சும் அதனுள் நாரும் கண்டனர். இழந்தது அதே வடிவில் மீண்டது என்பதால் அங்கே அச்சொல் பொருந்தும். திருகுக்கோ வேர்ப்பூச்சு என்றுமே இருந்ததில்லை. பள்ளத்தில் எலும்பு நிரம்பலாம். அதனை நிரப்பல் என்று சொல்வதே நேர்மை. நோய் தொட்ட டைட்டானியத்தோடு எலும்பு மறுபடி ஒட்டுவதும் உறுதியாக எதிர்பார்க்கத் தக்கதன்று.

பல மருத்துவ அறிக்கைகள் இதையும் ஊடுகதிர்ப் படத்தாலேயே நிறுவ முனைகின்றன. நிரப்பப் பயன்படும் மாட்டெலும்புத் துகள் மிக மெதுவாகவே கரையும். படத்தில் அதுவும் வெண்மையாகவே தெரியும். புதிய எலும்பு எது, இட்ட துகள் எது என்று அப்படம் பிரித்துச் சொல்லாது. ஈற்றோரம் அளவுகோலை மெல்ல நுழைத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதற்குச் செலவு சிறிது. அந்த ஒரு வரி இல்லாத அறிக்கையை, அதன் படங்கள் எத்துணை அழகாயினும், முடிவாகக் கொள்வதற்கில்லை.