கீட்டனின் ரயில், யாருடைய தண்டவாளம்?

பஸ்டர் கீட்டனின் 'த ஜெனரல்' 1927இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த மௌனப்படம். அன்று ஓடவில்லை, பிற்பாடுதான் கொண்டாடினார்கள். சும்மா சொல்லக்கூடாது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருது. அந்தச் சிரிப்பு எதை மறைத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். ஜானி கிரே தெற்கத்திய எஞ்சின் டிரைவர். படையில் சேரப் போனவனை, எஞ்சின் ஓட்டுவதே அதிகப் பயன் என்று திருப்பி அனுப்புகிறார்கள். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்வதில்லை. காதலி ஒதுக்கிவிட, எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தண்டின்மேல் சோர்ந்து உட்காருகிறான். எஞ்சின் நகர்கிறது, அவனும் ஏறி இறங்கிப் போகிறான், தெரியாமலே. தண்டவாளத்தில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையை இன்னொரு கட்டையால் அடித்துத் தெறிக்கவைக்கிறானே, அது கோமாளித்தனமல்ல, உழைப்பாளியின் உடல் போடும் கணக்கு. இங்கே கேமரா பொய் சொல்வதில்லை. ஓரிகனில் நடந்த படப்பிடிப்பில், எரியும் பாலத்தின்மேல் நிஜ எஞ்சினையே ஓட்டி ஆற்றில் விழவைத்தார்கள்.

ஆனால் கதையாடல் பொய் சொல்கிறது. 1862 ஏப்ரலில் ஜார்ஜியாவில் இந்த எஞ்சினைக் கடத்தியவர்கள் வடக்கின் ஆட்கள். அவர்களில் எட்டுப் பேரைத் தெற்கு தூக்கிலிட்டது. தப்பிய வில்லியம் பிட்டெங்கர் எழுதிய நூல்தான் படத்துக்கு மூலம். கீட்டன் அதைத் தலைகீழாக்கினார்: துரத்துகிற தெற்கத்தியான் நாயகன், கடத்தினவர்கள் வில்லன்கள். தெற்கை வில்லனாக்கினால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எந்த ஜனங்கள்? 1860 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவின் அடிமைகள் 4,62,198 பேர். அவர்களை இந்த 'ஜனங்களில்' யாரும் சேர்க்கவில்லை. போர் எதற்காக என்று படத்தின் இடையெழுத்துகளில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. தெற்கின் ரயில்பாதைகளில் பெரும்பகுதி அடிமைகளின் உழைப்பில் உருவானவை. ஜானியின் கை அறியும் கட்டையும் இரும்பும் யார் சுமந்தவை?

'சிரிப்புப் படம்தானே, இதில் எதுக்கு அரசியல்?' என்பார்கள். இரு தரப்புச் சிப்பாய்களாகவும் ஓரிகன் தேசியக் காவல்படையினரே நடித்தார்கள். அவர்களுக்கு நீலமும் சாம்பலும் வெறும் உடுப்பு மாற்றம். அடிமைக்கு அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில் இருந்தது தன் விடுதலை. 1915இல் கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' வெறுப்பை வெளிப்படையாகவே கக்கியது. கறுப்பின மக்கள் அன்றே எதிர்த்து நின்றார்கள். கீட்டன் வெறுப்பைக் கக்கவில்லை. அடிமைமுறையைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சிரிக்கவைக்கிறார். இதை எதிர்ப்பது இன்னும் கஷ்டம்.

படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெரிய இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் சின்ன மனுஷனை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டிய படங்கள் குறைவு. கடைசியில் ஜானி லெப்டினன்ட் ஆகிறான். காதலியை முத்தமிட்டுக்கொண்டே, கடந்துபோகும் சிப்பாய்களுக்கு ஒரு கையால் சல்யூட் அடிக்கிறான். சிரிக்கலாம். அந்தச் சல்யூட் எந்த ராணுவத்தின் சல்யூட் என்று, சிரித்து முடித்த பிறகாவது கேட்போம்.