‘சோங் ஒவ் சிலோன்’: ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

குறும்படம் என்னும் கலைவடிவம் இன்று இணையத்தின் வாயிலாக எவருக்கும் எட்டுவதாயிற்று. முன்னர் திரைப்படக் கழகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் மாத்திரமே காணக் கிடைத்த படங்கள், இன்று பசறையிலோ நமுனுகுலையிலோ அப்புத்தளையிலோ வாழும் தோட்டத்து இளைஞனின் கைத்தொலைபேசிக்கு வந்து சேருகின்றன. தான் கண்டு வியந்த படத்தை அவன் அடுத்த கணமே நண்பர்க்கு அனுப்பிவைக்கின்றான். கண்டெடுத்தலும் பகிர்தலும் இவ்வாறு எளிதாகிவிட்ட காலத்தில், பகிரப்படும் படத்தை எந்நோக்கிற் காண்பது என்னும் வினா முக்கியத்துவம் பெறுகின்றது. அவ்வினாவை ஒரு படத்தை முன்வைத்து ஆராய முற்படுகின்றோம்.

இலங்கையைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப் படங்களுள் உலகப் புகழ் பெற்றது ‘சோங் ஒவ் சிலோன்’ ஆகும். 1934இல் பசில் றைற் நெறிப்படுத்திய இப்படத்தை ஜோன் கிறியர்சன் தயாரித்தார். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் இது நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளே இதற்கு உரையாக அமைந்தன. அவற்றை லயனல் வென்ற் வாசித்தார். 1935இற் பிரசல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்ற இப்படத்தை இன்று இணையத்திற் கட்டணமின்றிக் காணலாம்.

இதன் கலைச்சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. குறிப்பாக ‘வாணிபத்தின் குரல்கள்’ எனப் பொருள்படும் தலைப்புடைய மூன்றாம் பகுதி கருதத்தக்கது. சந்தை நிலவரத்தையும் கப்பற் செய்திகளையும் கூறும் ஆங்கிலக் குரல்கள் ஒலித்துக்கொண்டிருக்க, திரையிலே உழைக்கும் மனிதரும் கொழுந்து பறிக்கும் பெண்களும் தோன்றுகின்றனர். காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள முரணே ஈண்டுப் பொருளைத் தருகின்றது. வாணிபத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட படமே வாணிபத்தின் அந்நியத் தன்மையையும் புலப்படுத்தியமை நெறியாளரின் ஆற்றலுக்குச் சான்றாகும்.

ஆயினும் தோட்டத்திலிருந்து நோக்குவோர்க்கு இப்படம் வேறொன்றையும் உணர்த்துகின்றது. இதிற் கொழுந்து பறிக்கும் கைகள் உண்டு. அக்கைகளுக்குரியோர் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் குரல் இல்லை. லயத்துக் காம்பராவினுள் ஒளிப்படக் கருவி நுழையவில்லை. உரையாகக் கொள்ளப்பட்ட நூலோ, இலங்கையிற் பெருந்தோட்டங்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் முன்னரே எழுதப்பட்டது. ஆதலின், அதிலே தோட்டத் தமிழர் இடம்பெறுதல் இயலாத காரியம்.

நெறியாளர் எடுக்க முனைந்தது தோட்டத் தொழிலாளர் பற்றிய படமன்று. அவர் சொல்ல எண்ணாததைச் சொல்லவில்லையெனக் குறை கூறுதல் முறையோ எனச் சிலர் வினவக்கூடும். இவ்வாதத்தில் நியாயமுண்டு. எனினும், படத்திற்குப் பணம் வந்த வழியை நாம் நோக்குதல் வேண்டும். இப்படத்திற்குப் பொருளுதவி புரிந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அச்சபையின் நிதி, ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்பட்ட தீர்வையிலிருந்து கிடைத்தது. அத்தேயிலையின் கொழுந்தைப் பறித்தவர் எவர்? எவருடைய உழைப்பாற் படம் உருவாயிற்றோ, அவரே அதிற் பேசாதவராய் நிற்கின்றனர். இது தனியொரு கலைஞரின் குறையன்று. படத்தைத் தோற்றுவித்த சமூக உறவின் பிரதிபலிப்பாகும்.

இந்நிலை 1934உடன் முடிவுற்றதெனக் கூறுதற்கில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அன்று எண்ணற்ற ஒளிப்படக் கருவிகள் அங்கு விரைந்தன. புதையுண்ட லயத்தை நாடே கண்டது. விளம்பரத்தின்போது பசுமையையும் விபத்தின்போது அழிவையும் காட்டும் கருவிகள், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அன்றாட வாழ்வை எவ்வளவு காட்டியுள்ளன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒளிப்படக் கருவி புகாத அவ்விடத்திற்குள் எழுத்து புகுந்ததை நாம் அறிவோம். இப்படம் உருவான அதே 1934இற் பதுளை மாவட்டத் தோட்டமொன்றிற் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். பதுளையை அடுத்த தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அப்பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அவர் 2022இல் மறைந்தார். ஒரே காம்பராவிற் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் உறங்க நேரும் நெருக்கடியையும், அந்நெருக்கடி மனித மானத்திற்கு இழைக்கும் கொடுமையையும் அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை சித்திரிக்கின்றது. 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ திரைப்படத்தின் எழுத்துப் பணியிலும் ஜோசப்பின் பங்குண்டு. எனவே, மலையகத்தார் தம் கதையைத் தாமே திரையிற் கூறும் முயற்சி புதியதன்று, தொடரப்பட வேண்டியது.

இவ்விடத்துப் பகிர்தல் பற்றியும் கூறுதல் தகும். காமன் கூத்தினைத் தோட்டத்தார் ஒருங்கு கூடிக் கண்டனர். ஆடியவரும் கண்டவரும் ஒரே லயத்தவர். பிழை நேர்ந்தாற் சுட்டிக்காட்ட முதியோர் இருந்தனர். கைத்தொலைபேசியிற் குறும்படம் காண்பவனோ பெரும்பாலும் தனித்தே காண்கின்றான். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, இணையத் தொடர்பு வேண்டி மலைநாட்டு மாணவர் மேட்டு நிலங்களைத் தேடிச் சென்றனர். அத்துணை அரிதிற் பெற்ற கருவி, பிறர் ஆக்கிய பிம்பத்தை வாங்கிக் கைமாற்றுவதற்கு மட்டும் பயன்படுமாயின் அது பேரிழப்பாகும்.

‘சோங் ஒவ் சிலோன்’ படத்தைப் பகிர வேண்டாமென நாம் கூறவில்லை, பகிர்தல் வேண்டும். ஆனால், யார் எடுத்தார், யார் பணத்தில் எடுத்தார், யார் பேசினார், யார் பேசவில்லை என்னும் குறிப்புகளுடன் பகிர்தல் வேண்டும். பதுளைப் பாடசாலையொன்றில் இப்படத்தைக் காட்டி, உடன் ‘மீன்கள்’ கதையையும் வாசிக்கும் ஆசிரியர் மாணவர்க்குச் செய்யும் தொண்டு பெரிது. அவ்வகுப்பிலிருந்து ஒரு மாணவி தன் தாயின் ஒருநாட் பொழுதை, தாயின் குரலிலேயே படமாக்க முற்படுவாளாயின், 1934இல் விடுபட்ட பகுதி எழுதப்படத் தொடங்கிவிட்டது எனலாம்.