தளை தட்டாத வெண்பா

டொராண்டோவின் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு 2023ல் வெளியிட்ட வீடியோ விளையாட்டு ‘வெண்பா’. 2024ல் பாஃப்டா பரிசும் பெற்றது. பாராட்டு போதுமான அளவு நடந்துவிட்டது, விமர்சனம்தான் பாக்கி.

1980களில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம், அதில் அழிந்துபோன வரிகள். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று ஆடுபவரே ஊகிக்க வேண்டும். இழப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் அதைக் கைவேலையாக்கியிருப்பது அசலான காரியம். சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற புகாரை நான் ஏற்கவில்லை. பெருநிறுவனம் நூறு மணி நேரத்தை விற்கும். பணபலமற்ற குழுவுக்குச் சுருக்கம்தான் சுதந்திரம். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் குறை வேறு. அழிந்த வரிக்கு ஒரே சரியான விடைதான். தவறினால் மறுபடி செய்துகொள்ளலாம். 1960 வரை ஆந்திரத்தில் இருந்த திருத்தணியில், வீட்டில் தெலுங்கு பேசி, அதை எழுதத் தெரியாமல் தமிழில் கையெழுத்திடுகிறவர்களை வங்கிக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். இழந்த எழுத்து அவர்களுக்குத் திரும்பவில்லை; குடித்தனம் நடக்கிறது. ஒரு வரியையாவது நிரப்பாமல் விடும் துணிச்சல் பெருநிறுவனத்துக்கு வராது. இவர்களுக்கு வந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் தளை தட்டியிருந்தால் இந்த வெண்பா இன்னும் உண்மையாகியிருக்கும்.